ராத்திரி 2 மணிக்கு நின்ன பிரிட்ஜ்: குமரிக் கடலோரத்துல வேன் வாழ்க்கை, ஒரு நிகழ்வு ஆய்வு

போன வருஷம் மே ரெண்டாவது வாரம் நாங்க அஞ்சு பேர், நான், வீட்டுக்காரி, பத்து வயசு பொண்ணு, ஏழு வயசு பையன், 67 வயசு அம்மா, எங்க வேன்லயே சமைச்சு வேன்லயே தூங்கி கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்தை எட்டு நாள் சுத்தினோம். நாலாம் நாள் ராத்திரி 2 மணிக்கு பிரிட்ஜ் நின்னு போச்சு. அதைப் பத்தி மட்டும் எழுதலாம்னுதான் உக்காந்தேன். ஆனா ஏன் நின்னுச்சுன்னு நோண்ட நோண்ட அது ஒரு போல்ட்ல ஆரம்பிச்சு நாங்க வண்டியை எங்க நிறுத்தினோம்ங்கறதுல வந்து முடிஞ்சுது, அதனால முழுசாவே எழுதிடறேன், வேன் எடுத்துட்டு கடலோரம் கிளம்பற யாருக்காவது பிரயோஜனப்படும்.

முதல்ல வண்டி. பழைய டிராவலர் ஒண்ணை வாங்கி ஒரு பட்டறைல குடுத்து உள்ள மாத்தினது. பேட்டரி 12.8 வோல்ட் 200 ஆம்பியர்-அவர் லித்தியம், கூரை மேல 200 வாட் சோலார் ரெண்டு, இன்ஜின் ஓடும்போது 30 ஆம்பியர் பேட்டரிக்கு ஏத்தற சார்ஜர் ஒண்ணு. தண்ணி டேங்க் 120 லிட்டர், கழிவுத்தண்ணி டேங்க் 60 லிட்டர், 20 லிட்டர் பெட்டி டாய்லெட், 5 கிலோ கேஸ் சிலிண்டர். பிரிட்ஜ் 12 வோல்ட்ல ஓடற சின்ன பிரிட்ஜ். அதுக்குள்ள பாலும் மாவும் மட்டும் இல்ல, அம்மாவோட இன்சுலின் இருக்கு, பிரிக்காத பாட்டில் ரெண்டு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

மதுரைல இருந்து குமரிக்கு 240 கிலோமீட்டர் சொச்சம், அஞ்சு மணி நேரம் மெதுவா ஓட்டினோம், ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி காத்தாடி எல்லாம் பாத்துட்டு இறங்கும்போது பேட்டரி மீட்டர்ல 100. பசங்களுக்கு ஒரே குஷி. முதல் ரெண்டு ராத்திரி கன்னியாகுமரி டவுன்ல காசு குடுத்து நிறுத்தற இடத்துல. மூணாம் நாள் காலைல வட்டக்கோட்டை, அப்படியே சின்னமுட்டம். அங்க விசைப்படகு மொத்தமும் கட்டிக் கெடக்கு, கரை முழுக்க வலை விரிச்சு உக்காந்து பொத்துட்டு இருக்காங்க, நமக்கு வண்டி திருப்பக்கூட இடம் இல்ல. ஏன்னா கிழக்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை. ஆனா அதே மாவட்டத்துல முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் போனா அது மேற்குக் கணக்கு, ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரை. அதாவது மே மாசம் ஒரு பக்கம் ஹார்பர் தூங்குது, இன்னொரு பக்கம் ஐஸ் லாரியும் ஏலமும் அலறுது. வேன்ல போறவங்க இதைத் தெரிஞ்சுட்டுப் போனா எங்க இடம் கிடைக்கும் எங்க மீன் கிடைக்கும்னு முன்னாடியே புரியும். எங்களுக்கு போன பிறகுதான் புரிஞ்சுது.

அன்னைக்கு சாயங்காலம் மணக்குடி பாலம் தாண்டினோம். 2004 சுனாமில பழைய பாலத்தையே தூக்கிப் போட்ட இடம், பழையாறு கடல்ல சேர்ற பொழிமுகம். அதைத் தாண்டி சொத்தவிளைக்கும் ராஜாக்கமங்கலம் துறைக்கும் நடுவுல ஒரு மீனவ ஊர், ஊர் பேரு வேணாம். ரோட்டுல இருந்து கொஞ்சம் மணல்ல இறங்கி, பின் கதவைத் திறந்தா நேரா கடல் தெரியற மாதிரி நிறுத்தினேன். ஒரு அண்ணன் வந்து "சாரே, இன்னும் கொஞ்சம் மேல நிறுத்துனா கொள்ளாம்"னு சொன்னாரு, அங்க கொள்ளாம்னா நல்லா இருக்கும்னு அர்த்தம். நான் "காலைல எடுத்துடறேன் அண்ணே"ன்னு சொல்லிட்டேன். எடுக்கல. இடம் அவ்வளவு அழகா இருந்துச்சு, இன்னும் ஒரு நாள்னு இருந்துட்டோம்.

நாலாம் நாள் ராத்திரி. உள்ள 31 டிகிரி, மூணு ஃபேனும் ஓடுது, பசங்க மேல் பெர்த்ல. 2 மணிக்கு பிரிட்ஜ்ல இருந்து வர்ற அந்த உர்ர்ர் சத்தம் நிக்குது, ரெண்டு நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் ஆகப் பாக்குது, டிக்னு ஒரு சத்தம், திரும்ப நிக்குது. இப்படியே நாலு தடவை. மீட்டர்ல பாத்தா பேட்டரி இன்னும் 31 பெர்சன்ட் இருக்கு. சார்ஜ் இருக்கும்போது ஏன் நிக்கணும்? பிரிட்ஜ்தான் போச்சுன்னு முடிவே பண்ணிட்டேன். வீட்டுக்காரிதான் "ஏங்க, ஃபேனை நிறுத்திப் பாருங்க"ன்னா. மூணையும் நிறுத்தினா பிரிட்ஜ் ஓடுது! ஃபேன் போட்டா பிரிட்ஜ் நிக்குது. அந்த ஒரு வார்த்தை எங்களுக்கு 30,000 ரூபா மிச்சம் பண்ணுச்சு, இல்லாட்டி புது பிரிட்ஜே வாங்கியிருப்பேன். அம்மாவும் பசங்களும் வேர்த்துக் கொட்டி எந்திரிச்சு உக்காந்துட்டாங்க, ஃபேன் இல்லாம அவங்களைப் படுக்க வைக்க முடியாது, அதனால பிரிட்ஜை ஆஃப் பண்ணிட்டு இன்சுலினை எடுத்து ஈரத்துணில சுத்தி மண் பானை பக்கத்துல வெச்சோம்.

காலைல 5 மணிக்கு கதவைத் தட்டறாங்க. முந்தாநாள் சொன்ன அதே அண்ணன், கூட பத்து பன்னெண்டு பேர். "சாரே, வண்டிய எடுக்கணும், மடி வலிக்கப் போறோம்." மடின்னா வலை, வலிக்கறதுன்னா இழுக்கறது. இது கரமடி, கம்பாவலைன்னும் சொல்வாங்க. வலையோட ஒரு நுனிக் கயிறைக் கரைலயே விட்டுட்டு வள்ளத்துல போய் அரை வட்டமா வலையைப் போட்டு இன்னொரு நுனியைக் கரைக்குக் கொண்டாந்து, ரெண்டு பக்கமும் ஆள் நின்னு இழுப்பாங்க. அந்த ஒரு பக்கக் கயிறு வர்ற வழியில சரியா எங்க பின் சக்கரம் நிக்குது. எடுக்கலாம்னு ஸ்டார்ட் பண்ணா சக்கரம் சுத்துது, மணல்ல இறங்குது, ரெண்டு நாள்ல வண்டி தன் வெயிட்டுக்கு நல்லா உக்காந்துடுச்சு. அவங்க வேலையை விட்டுட்டு எங்களுக்காக வந்தாங்க. டயர் காத்தைப் பாதியா இறக்கச் சொன்னாங்க, சக்கரத்துக்கு முன்னாடி கையாலயே மணலை வாரினாங்க, தென்னை மட்டையை வரிசையா வெச்சு, மெதுவா ஃபர்ஸ்ட் கியர்ல எடுக்கச் சொல்லித் தள்ளினாங்க. இருபது நிமிஷம் ஆச்சு. அந்த இருபது நிமிஷம் அவங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு அப்புறம்தான் புரிஞ்சுது, மீன் கரைக்குக் கிட்ட வந்து நிக்கற நேரத்துலதான் வலை சுத்தணும். அன்னைக்கு மடில கொஞ்சம் நெத்தோலியும் சாளையும்தான் விழுந்துச்சு, எங்களாலதான் கம்மியான்னு கேட்டேன், "அதொண்ணும் இல்ல சாரே, கடல் தந்தாத் தரும்"னு சொன்னாரு. எனக்கு இன்னும் அது உறுத்திட்டுதான் இருக்கு. இன்சுலின் விஷயம் கேள்விப்பட்டு ஒருத்தர் மீன் பெட்டில இருந்து ஐஸ் அள்ளிட்டு வந்தாரு. ஐஸ்ல நேரா வெச்சா இன்சுலின் உறைஞ்சு கெட்டுடும், அதனால டப்பால ஐஸ், அது மேல மடிச்ச துண்டு, துண்டு மேல பாட்டில்.

இப்போ கரண்ட் விஷயம். ரோட்டோரமா வண்டியை வெச்சுட்டு மல்டிமீட்டரை எடுத்தேன். மூணு ஃபேனும் பிரிட்ஜும் போட்டுப் பாத்தா பேட்டரி முனையில 12.8 வோல்ட், பிரிட்ஜ் பின்னாடி வர்ற வயர்ல 10.5. நடுவுல 2.3 வோல்ட் காணோம். இந்த பிரிட்ஜ் 10.4க்குக் கீழ போனா பேட்டரியைக் காப்பாத்தறதுக்காக தானே நின்னுடும், கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகற செகண்ட்ல கரண்ட் அதிகமா இழுக்கும்போது வோல்ட் அதுக்கும் கீழ விழுது. அதான் அந்த டிக். பிளஸ் வயர்ல ஒவ்வொரு இடமா வெச்சுப் பாத்தேன், ஒண்ணும் குறையல. அப்போ எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பற நெகடிவ் பக்கம். பட்டறைல பிரிட்ஜ், ஃபேன், லைட் எல்லாத்தோட நெகடிவையும் ஒண்ணாச் சேத்து வண்டிக்கு அடியில பாடில ஒரே போல்ட்ல முடுக்கியிருந்தாங்க. வண்டிக்கு அடியில படுத்து அந்த போல்ட்டைத் தொட்டா சுடுது. சுத்தி பச்சையும் வெள்ளையுமா பொடி பூத்திருக்கு, வயர் நுனில இருக்கற லக்கைத் திருப்பினா செம்புக் கம்பி கருத்துப் போய் பாதி இழை ஒடிஞ்சு கெடக்கு. அவ்வளவு கரண்டும் மிச்சம் இருக்கற இழை வழியாப் போகுது, அதான் சூடு, அதான் வோல்ட் இறக்கம். பகல்ல ஃபேன் ஓடாது, சோலாரும் ஏறிட்டு இருக்கும், அதனால பிரிட்ஜ் சமாளிச்சுது. ராத்திரி எல்லாம் சேர்ந்து ஓடும்போது மாட்டிக்கிச்சு.

நாலு நாள்ல ஒரு போல்ட் இப்படி ஆகாது. அதையும் நேர்மையா சொல்லணும். அதுக்கு மூணு மாசம் முன்னாடி தனுஷ்கோடி போயிட்டு வந்தோம், வந்து மேல மட்டும் கழுவினேன், அடியில கழுவல. உப்பு அப்போவே உள்ள போய் உக்காந்திருக்கு. இங்க வந்து கடலுக்கு முப்பது அடில, காத்து அடிக்கற பக்கம் பாத்து ரெண்டு நாள் நிறுத்தினதுல மீதி வேலை முடிஞ்சுது. உப்பு ஈரத்தை இழுத்து வெச்சுக்கும், ஈரம் இருந்தா அரிப்பு நிக்கவே நிக்காது, வெயில் அடிச்சாலும் அந்த இடுக்கு காயாது. கழட்டி, உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேச்சு, வயரை ரெண்டு இஞ்ச் வெட்டிப் புது லக் போட்டு முடுக்கி, மேல வாசலின் தடவினேன். லக் வாங்க மட்டும் நாகர்கோவில் போயிட்டு வந்தேன். மறுபடி மீட்டர் வெச்சா வித்தியாசம் 0.4. பிரிட்ஜ் மூணு ஃபேனோட ஜம்முனு ஓடுது.

ஆனா போல்ட் சரியானாலும் 31 பெர்சன்ட் கேள்வி அப்படியே இருக்கு. எப்பவும் டூர் போனா எங்க பேட்டரி 60க்குக் கீழ இறங்கினதே இல்ல. நோட்ல எழுதி வெச்சிருந்தேன், தினம் சாயங்காலம் 100, 85, 70, 58. ஒரு நாளைக்கு 1,700 வாட்-அவர், அதாவது 1.7 யூனிட் மாதிரி செலவு, பிரிட்ஜ் 550, ஃபேன் 850, மீதி லைட்டும் போனும் பம்ப்பும். சோலார்ல 1,200 வருது. மிச்சத்தை எப்பவும் இன்ஜின்தான் ஈடுகட்டும், தினம் ரெண்டு மூணு மணி நேரம் ஓட்டுவோமே. இங்க ஓட்டவே இல்ல! குமரி மாவட்டக் கடலோரம் ஆரோக்கியபுரத்துல இருந்து நீரோடி வரைக்கும் மொத்தமே 70 கிலோமீட்டர் சொச்சம்தான், அடுத்தடுத்து ஊர், ஒரு ஊர் முடியறதுக்குள்ள அடுத்த ஊர் சர்ச் கோபுரம் தெரியுது. தினம் கொஞ்ச தூரம்தான், நாலாம் நாள் பூஜ்யம். இருபது நிமிஷம் ஓட்டினா 10 ஆம்பியர்-அவர் ஏறும், அது ரெண்டு ஃபேனுக்குக்கூட ஒரு ராத்திரி முழுசா காணாது. நெடுந்தூரம் போறதுக்குக் கணக்குப் போட்டுக் கட்டின வண்டியைக் குட்டிக் கரைக்குக் கொண்டாந்தா இதான் நடக்கும், எனக்கு இது தோணவே இல்ல. போதாததுக்கு சோலார் மேல உப்புப் படலம். விரலால கோடு போட்டா கோடு நிக்குது. ரெண்டாம் நாள் மத்தியானம் 22 ஆம்பியர் குடுத்தது அஞ்சாம் நாள் 17தான் குடுத்துச்சு, நல்ல தண்ணி ஒரு வாளி ஊத்தித் துடைச்சதும் 21க்கு வந்துடுச்சு.

நல்ல தண்ணின்னு சொன்னேன்ல, அதுதான் அடுத்த பாடம். மூணாம் நாள் சாயங்காலம் கடலோரமா ஒரு போர் பம்ப்ல டேங்க் ரொப்பினோம். அம்மா ஒரு வாய் டீ குடிச்சுட்டு "உப்புக் கரிக்குதுப்பா"ன்னாங்க, சோப்புப் போட்டா நுரை வரல. கொட்டிட்டு வேற தண்ணி பிடிக்கலாம்னா ஊர்க்குழாய்க்குப் போகணும். வீட்டுக்காரி போய்ப் பாத்துட்டு வந்து சொன்னா, குழாய்ல வரிசையா குடம் நிக்குது, ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனைதான்னு அவங்களுக்குள்ளயே முறை வெச்சிருக்காங்க. எங்க டேங்க் 120 லிட்டர், அதாவது எட்டு குடம். நாங்க எட்டு குடம் பிடிச்சா ரெண்டு வீட்டுக்கு அன்னைக்குத் தண்ணி இல்ல. இப்படிக் கணக்குப் போட்டதும் அந்தப் பக்கமே போகல. குடிக்க, சமைக்க 20 லிட்டர் கேன் வாங்கினோம், உப்புத்தண்ணியைக் கழுவ மட்டும் வெச்சுக்கிட்டோம்.

கழிவுத்தண்ணிதான் எனக்கு ரொம்ப வெக்கமான விஷயம். 60 லிட்டர் டேங்க் ரொம்பினதும் நாலாம் நாள் மத்தியானம் மணல்லதானே, பாத்திரம் கழுவின தண்ணிதானேன்னு அடிக் குழாயைத் திறந்துட்டேன். ஒரு பாட்டி வந்தாங்க. சத்தம் போடல. வீட்டுக்காரி கையைப் பிடிச்சு "மக்களே, இதுல வெள்ளம் விடாதீங்க, நாங்க இதுலதான் நெத்தோலி காயப் போடுவோம்"னு சொன்னாங்க, அங்க வெள்ளம்னா தண்ணி. நமக்கு அது சும்மா மணல். அவங்களுக்கு அது களம், அதுல காயற மீன்தான் அந்த வார வருமானம். நானும் பொண்ணும் மம்பட்டி கடன் வாங்கி நனைஞ்ச மணல் மொத்தத்தையும் வாரி சாக்குல கட்டி அப்புறப்படுத்தினோம். அந்தப் பாட்டி சாயங்காலம் அம்மாவோட உக்காந்து ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தாங்க, அவங்க எங்களை மன்னிச்சுட்டாங்க.

டாய்லெட் பெட்டி பத்திக் கேப்பீங்க. அஞ்சு பேருக்கு ரெண்டு நாள்ல ரொம்பிடும். கடல்லயோ மணல்லயோ ஆத்துலயோ ஊத்தவே கூடாது, அதுல பேச்சே இல்ல. ஒரு லாட்ஜ்ல கேட்டு 200 ரூபா குடுத்து அவங்க கழிப்பறைல, அதாவது செப்டிக் டேங்க்குக்குப் போற மாதிரி காலி பண்ணினோம். நீல மருந்து போடாதீங்க, அது செப்டிக் டேங்க்ல இருக்கற நல்ல கிருமியைக் கொன்னுடும். பகல்ல கட்டணக் கழிப்பறையைப் பயன்படுத்தினா பெட்டி நாலு நாள் தாங்கும்.

இன்னொண்ணு, கொஞ்சம் பயமான விஷயம். பின் கதவைக் கடல் பக்கம் திறந்து வெச்சா அடுப்பு கடல்காத்துக்கு நேரா வருது. நாலாம் நாள் காலைல அம்மா இட்லி வெச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள காத்து அடுப்பை அணைச்சிருக்கு, திருகு திறந்தே இருக்கு. அம்மாவுக்கு வாசம் தெரிஞ்சதால தப்பிச்சோம். சமையல் கேஸ் காத்தை விட கனம், தரையோட தரையா படுக்கும், ஜன்னல் திறந்தா போகாது. நம்ம வண்டில தரைல ரெண்டு இஞ்ச் ஓட்டை சிலிண்டர் பக்கத்துல போட்டிருந்தோம், அதுல இறங்கிப் போச்சு. அந்த ஓட்டையை மணல் அடைச்சுடாம தினம் பாக்கணும்.

இவ்வளவும் எழுதிட்டுப் பாத்தா எல்லாம் ஒரே இடத்துக்கு வருது. வயர் அரிப்பு, சோலார் படலம், உப்புத்தண்ணி, அணைஞ்ச அடுப்பு, மணல்ல இறங்கின சக்கரம், கரமடிக் கயிறு, நெத்தோலிக் களம், எல்லாமே கடல் தெரியணும்னு அந்த முப்பது அடிக்குள்ள போய் நின்னதால வந்தது. கரைங்கறது அவங்களோட பட்டறை. பட்டறைக்கு நடுவுல போய்க் கட்டிலைப் போட்டுட்டோம்.

அஞ்சாம் நாள் சாயங்காலம் இதுக்கு முடிவும் அவங்களே சொன்னாங்க. கள்ளக்கடல் எச்சரிக்கை வந்திருக்குன்னு ஊர்ல அறிவிச்சாங்க. ஐதராபாத்ல இருக்கற இன்காய்ஸ் நிறுவனம் இந்த எச்சரிக்கையைக் குடுக்குது. தெற்கே ரொம்ப தூரத்துல இந்தியப் பெருங்கடல்ல அடிக்கற புயலோட அலை சில நாள் பயணம் பண்ணி இங்க வந்து ஏறும், இங்க காத்தும் இருக்காது மழையும் இருக்காது, வானம் தெளிவா இருக்கும், கடல் மட்டும் திடீர்னு உள்ள வரும். அதனாலதான் அந்தப் பேரு, திருடன் மாதிரி வரும். 2024 மே 6ம் தேதி இதே கரைல கணபதிபுரம் பக்கம் லெமூர் பீச்ல அஞ்சு மருத்துவ மாணவங்களைக் கடல் எடுத்துட்டுப் போனதும் இப்படி ஒரு எச்சரிக்கை இருந்த சமயத்துலதான். நாங்க ரோட்டோரத்துல இருந்தும் கிளம்பி 700 மீட்டர் உள்ள போனோம்.

மடி வலிச்ச அண்ணனோட சொந்தக்கார அக்கா வீடு, பெரிய தென்னந்தோப்பு. நான் நிழலாப் பாத்து ஒரு தென்னைக்கு அடியில ஒதுக்கினேன். அக்கா ஓடி வந்து "அதுல வேண்டாம் அண்ணே, தேங்கா விழுந்தா உங்க கண்ணாடியெல்லாம் போயிரும்"னு சொல்லி, தேங்கா காயப்போடற வெட்டவெளில நிறுத்த வெச்சாங்க. சோலாருக்கும் அதான் நல்லது. ராத்திரிக்கு 300 ரூபா, ஒரு பிளக் பாயின்ட், கிணத்துல நல்ல தண்ணி. குளியல் கிணத்தடில, அந்தத் தண்ணி நேரா வாழைக்குப் போகுது, அதனால வண்டித் தண்ணி ஒன்றரை நாள்ல தீர்ந்தது ரெண்டரை நாள் வந்துச்சு. மறுநாள் காலைல மீட்டர் 74. மத்தியானம் அக்கா மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு அவிச்சு சாளைக் கறியோட குடுத்தாங்க. கடலுக்கு காலைலயும் சாயங்காலமும் நடந்து போனோம், பத்து நிமிஷம்தான்.

மீதி மூணு நாள் வண்டியை அங்கயே விட்டுட்டு பஸ்ல முட்டம், மண்டைக்காடு, குளச்சல் எல்லாம் பாத்தோம். மணவாளக்குறிச்சி கருமணலை பையன் பொம்மைக் காந்தத்தால கொத்துக் கொத்தாத் தூக்கினான். குளச்சல்ல 1741ல மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரங்களைத் தோக்கடிச்ச வெற்றித் தூணைப் பொண்ணு போட்டோ எடுத்தா. தேங்காப்பட்டணத்துல அம்மா பொழிமுகத்தைப் பாத்துட்டு ரொம்ப நேரம் எந்திரிக்கவே இல்ல.

திரும்பி வரும்போது நாகர்கோவில்ல ஒரு சர்வீஸ் ஸ்டேஷன்ல 450 ரூபா குடுத்து அடிப்பக்கம் முழுக்க நல்ல தண்ணியால கழுவினோம், மதுரை வந்ததும் அந்த எர்த்தைப் பாடில இருந்தே எடுத்துட்டேன், வெள்ளீயம் பூசின தனி வயர் இழுத்து பிரிட்ஜோட நெகடிவ் நேரா பேட்டரிக்குப் போகுது, வித்தியாசம் இப்போ 0.2 வோல்ட். ஜனவரில மறுபடி போறோம். அக்காவுக்குப் போன் பண்ணினேன், தேங்கா வெட்டு முடிஞ்சதும் சொல்றேன், அப்புறம் வாங்கன்னு சொல்லியிருக்காங்க.